செப்டம்பரில் இலங்கை: யால சஃபாரியை மாற்றச் சொல்லுங்கள்

வணக்கம். செப்டம்பர் 2ஆம் வாரம், முழங்கால் வலியுள்ள அம்மாவோடு 6 நாள் கைட் டூர். யால தேசியப் பூங்காவும் சிகிரியா மலைக்கோட்டையும் போட்டிருக்கிறார்கள், சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் யால. பூங்காவில் சிறுத்தைக்குப் பேர்போன பகுதியான 1ஆம் பிளாக்கை வறட்சியால் வழக்கமாகச் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 15 வரை மூடுவார்கள். ஏஜென்ட் பிளாக் பெயரைச் சொல்லாமல் வெறும் 'யால சஃபாரி' என்றால் உஷாராகிவிடுங்கள். அந்த நாளை மின்னேரியா தேசியப் பூங்காவுக்குத் திருப்புங்கள். குளம் வற்றிக் கரையில் இளம்புல் முளைக்கும் காலம் அது; மாலையில் யானைகள் குட்டிகளோடு கூட்டம் கூட்டமாக இறங்கும். தண்ணீர் கூடியிருந்தால் பக்கத்துக் கவுடுல்ல பூங்காவுக்குப் போய்விடும். எந்தக் காடு என்பதை அன்று மதியம் ஜீப்காரரிடம் கேட்டு முடிவுசெய்வதே புத்திசாலித்தனம்.

சிகிரியாவில் சுமார் 1,200 படி. அம்மா கீழே நீர்த்தோட்டத்தோடு நின்றுகொள்ளட்டும், வீம்பு வேண்டாம்.

அவருக்கான இடம் பழைய தலைநகரான பொலன்னறுவை. பெரும்பாலும் சமதளம், வண்டி பக்கம்வரை போகும். சோழ அரசி ஒருவரின் பெயரால் அமைந்த வானவன் மாதேவி ஈச்சரம் என்ற சிவன் கோயிலைக் கேட்டுப் பாருங்கள். சுவரில் தமிழ்க் கல்வெட்டை விரல்தூரத்தில் பார்க்கலாம். அவசரக்கார கைட் அதைத் தாண்டிப் போய்விடுவார். செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களில் மதியக் கல் தோசைக்கல்தான், ஆளுக்கொரு ஜோடி சாக்ஸ் பையில் இருக்கட்டும்.