கடைசி விசிலுக்கு முன்பே கிளம்புகிறவர்கள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, இங்கிலாந்து கால்பந்து ஆட்டங்களை டிவியில் பார்க்கும்போது 80ஆவது நிமிடத்திலேயே நாற்காலிகள் காலியாகத் தொடங்கிவிடுகின்றன. அவ்வளவு காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் ஏன் கிளம்புகிறார்கள்?

வீடு போய்ச் சேரத்தான் தம்பி, பெரும்பாலும். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் 74,000 பேர் உட்காரலாம். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் டிராம் நிறுத்தத்தில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தை ஒட்டி ரயில் நிலையமே இல்லை. பஸ் பிடித்து சாண்ட்ஹில்ஸ் நிலையம் போக வேண்டும், இல்லாவிட்டால் ஊர் நடுவுக்கு நடக்க வேண்டும். வார நாளில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய 10 ஆகிவிடும். வெளியூரிலிருந்து வந்தவருக்குக் கடைசி ரயில் கவலை, பிள்ளையோடு வந்தவருக்கு மறுநாள் பள்ளிக்கூடம். ஒளிபரப்புக்காக ஆட்ட நேரத்தை மாற்றும்போது இவர்கள் எப்படித் திரும்புவார்கள் என்று யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. எனக்கு அதில்தான் கோபம்.

கேள்வி: அணி தோற்கிற நேரத்தில் எழுந்து போகிறவன் உண்மையான ரசிகனா சார்?

ரசிகன்தான். பார்க்கப் பொறுக்காமல் போகிறவனும் ரசிகன்தான்.

2015 நவம்பரில் லிவர்பூல் சொந்த மைதானத்தில் கிறிஸ்டல் பேலஸோடு ஆடியது. 82ஆவது நிமிடத்தில் ஸ்காட் டேன் கோல் போட்டு பேலஸை 2-1 என்று முன்னுக்குக் கொண்டுபோனதும் கூட்டம் கிளம்பத் தொடங்கியது. புதிதாக வந்திருந்த பயிற்சியாளர் யூர்கன் க்ளோப், அந்த நேரத்தில் தனியாக நிற்பதுபோல் உணர்ந்ததாக ஆட்டத்துக்குப் பின் சொன்னார். ஆனால் ரசிகர்களைத் திட்டவில்லை. கடைசி விசில் வரை எதுவும் நடக்கலாம் என்ற எண்ணத்தை உண்டாக்க வேண்டியது நாங்கள்தான் என்று பொறுப்பைத் தன் அணிமேல் போட்டுக்கொண்டார்.

அடுத்த மாதமே வெஸ்ட் பிராமுக்கு எதிராக 90 நிமிடத்துக்குப் பின் சேர்த்த நேரத்தில், 96ஆவது நிமிடத்தில் லிவர்பூலின் ஓரிகி போட்ட கோலில் ஆட்டம் 2-2 என்று முடிந்தது. க்ளோப் வீரர்களைக் கைகோத்து அழைத்துப்போய், கோப் எனும் கேலரியின் ரசிகர்கள் முன் நிறுத்தி நன்றி சொன்னார். ஒரு டிராவுக்கு இவ்வளவா என்று பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இருந்தவர்களுக்கு நன்றி சொன்னால், அடுத்த முறை இன்னும் பலர் இருப்பார்கள்.

கேள்வி: சீக்கிரம் கிளம்பியதால் பெரிதாக எதையாவது தவறவிட்டவர்கள் உண்டா?

நிறைய உண்டு. 2012 மே 13, மான்செஸ்டர் சிட்டி. 44 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் கைக்கு எட்டும் நாள். எதிரே பத்துப் பேரோடு ஆடிய கியூபிஆர் (குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) அணி. 90 நிமிடம் முடிந்தபோது சிட்டி 1-2 என்று பின்தங்கியிருந்தது. அழுதுகொண்டே வெளியேறியவர்கள் உண்டு. அப்புறம் சிட்டியின் ஜெக்கோ ஒன்று, 93 நிமிடம் 20 நொடியில் அகுவேரோ ஒன்று. 3-2, பட்டம் சிட்டிக்கு. வெளியே போனவர்களில் சிலர் உள்ளே வர முட்டிமோதினார்கள்.

1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் தவறவிட்டவர் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவின் அப்போதைய தலைவர் லென்னார்ட் யோஹான்சனே. பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானத்தில் பேயர்ன் மியூனிக், மான்செஸ்டர் யுனைடெட்டைவிட 1-0 என்று முன்னால் இருந்தது. கோப்பை கொடுப்பதற்காக அவர் லிஃப்டில் கீழே இறங்கினார். மைதானத்துக்கு வந்து பார்த்தால் வென்றிருக்க வேண்டியவர்கள் அழுகிறார்கள், தோற்றிருக்க வேண்டியவர்கள் குதித்துக் கூத்தாடுகிறார்கள். 90 நிமிடத்துக்குப் பின் சேர்க்கும் இஞ்சுரி டைமில் ஷெரிங்கமும் சோல்ஷாரும் கோல் போட்டு மான்செஸ்டர் யுனைடெட் 2-1 என்று வென்றிருந்தது.

2025 ஏப்ரலில் லியோனுக்கு எதிராக, சமநிலையை முறிக்க ஆடும் 30 நிமிட எக்ஸ்ட்ரா டைமில் யுனைடெட் 2-4 என்று பின்தங்கியபோதும் பலர் கிளம்பினார்கள். 114ஆவது நிமிடத்திலிருந்து மூன்று கோல், முடிவு 5-4.

கேள்வி: வெளியே போனவர் திரும்ப உள்ளே வரலாமா?

பெரும்பாலான மைதானங்களில் முடியாது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஆட்டம் முடிய கால் மணி, இருபது நிமிடம் இருக்கும்போதே கிளம்புகிறவர்களுக்காகக் கதவைத் திறந்துவிடுவார்கள். டிக்கெட்டுக்கு வழியில்லாத பையன்கள் அந்த வழியாக உள்ளே புகுந்து கடைசிப் பகுதியை இலவசமாகப் பார்ப்பார்கள்.

கேள்வி: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், கிளம்பியவர்கள் கோல் சத்தம் கேட்டுத் திரும்பியதால்தான் நெரிசலில் பலர் இறந்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1971 ஜனவரி 2, ஐப்ராக்ஸ் மைதானம், ரேஞ்சர்ஸும் செல்டிக்கும். கடைசி நிமிடத்தில் செல்டிக் கோல், அடுத்த நொடிகளில் ரேஞ்சர்ஸின் காலின் ஸ்டீன் பதில் கோல். ஆட்டம் முடிந்து 13ஆம் எண் படிக்கட்டில் இறங்கும்போது நெரிசலில் 66 பேர் இறந்தார்கள். முன்பே இறங்கியவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பி ஏறினார்கள் என்ற கதை உடனே பரவியது. ஆனால் எல்லோரும் ஒரே திசையில்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது விசாரணையில் தெரிந்தது. அதே படிக்கட்டில் 1961இலேயே இரண்டு பேர் இறந்திருந்தார்கள். ஐப்ராக்ஸுக்குப் பிறகுதான் 1975இல் மைதானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இறந்தவர்கள்மேல் பழி போடும் அந்தக் கதையைத் தயவுசெய்து யாரும் பரப்ப வேண்டாம்.

கேள்வி: எதிர்ப்பைக் காட்டுவதற்காக வெளியேறியதுண்டா?

உண்டு. நான் மிகவும் மதிக்கும் வெளியேற்றம் அது. 2016 பிப்ரவரி 6, ஆன்ஃபீல்டு. அடுத்த சீசனில் சில இருக்கைகளுக்கு 77 பவுண்டு என்று கிளப் அறிவித்திருந்தது. சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் 77ஆவது நிமிடத்தில் ஏறக்குறைய 10,000 பேர் எழுந்து போனார்கள். லிவர்பூல் அப்போது 2-0 என்று முன்னால் இருந்தது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. வெல்கிற நேரத்தில் எழுந்து போவது எவ்வளவு கஷ்டம்! சில நாள்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். அடுத்த மாதம் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக், வெளியூர் ரசிகர்களின் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வைத்தது.

கேள்வி: நம் ஊர் அணிக்கு இப்படி ஏதாவது?

2015 டிசம்பர் 20, கோவாவின் ஃபட்டோர்டா மைதானம், இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதியாட்டம், நம் சென்னையின் எஃப்சியும் எஃப்சி கோவாவும். 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னேறியது. 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சேம்சைடு கோல், அப்புறம் நம் மெண்டோசா கோல். கோப்பை சென்னையின் எஃப்சிக்கு.

கேள்வி: அடுத்த மாதம் மகளை முதல்முறையாக ஓல்டு டிராஃபோர்டுக்கு அழைத்துப்போகிறேன் அண்ணா. எப்போது கிளம்பினால் சரியாக இருக்கும்?

கிளம்பாதீர்கள். 2022 உலகக் கோப்பையில் இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தின் முதல் பாதிக்கு மட்டும் 14 நிமிடம் சேர்த்தார்கள். 2023-24 சீசனிலிருந்து பிரீமியர் லீக்கிலும் இழந்த நேரத்தைக் கறாராகக் கணக்கிடத் தொடங்கினார்கள். அதனால் 90ஆவது நிமிடத்தோடு ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. கால்கள் தளர்ந்த தடுப்பாட்டக்காரர்கள், புதிதாக இறங்கிய மாற்று வீரர்கள், இழக்க ஒன்றுமில்லாத அணி: கோல் விழ ஏற்ற நேரம் அது. மகளைக் கழிவறைக்கு இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பே கூட்டிப்போய்விடுங்கள். விசில் அடித்த பிறகும் கால் மணி நேரம் இருக்கையிலேயே இருந்தால் படிக்கட்டு நெரிசல் குறைந்துவிடும். முதல் டிராமுக்கு ஓடாமல் கொஞ்ச தூரம் நடந்து அடுத்த நிறுத்தத்தில் ஏறுங்கள். குழந்தைக்குக் குளிர் தாங்காது, கையுறை எடுத்துக்கொள்ளுங்கள்.