விருந்தில் பலவகை உணவு இருக்கும்போது எந்த ஒயின் வாங்குவது?

பண்டிகை நாளில் பத்துப் பேர் சாப்பிட வருகிறார்கள், காரமும் இருக்கும், பொரித்ததும் இருக்கும், கடைசியில் கேக்கும் இருக்கும், எந்த ஒயின் பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி பாட்டில் தேடாதீர்கள். விருந்தில் எல்லாம் ஒரே தட்டில்தான் வந்து சேரும். எதனுடனும் சண்டை போடாத ஒயின்தான் நமக்கு வேண்டும்.

நான் முதன்முதலில் விருந்து வைத்தபோது, விசேஷம் என்றால் கனமான சிவப்பு ஒயின்தான் என்று நினைத்து கேபர்னே சாவிஞோன் வாங்கி வைத்தேன். சமையலோ நல்ல காரம். ஒரு மிடறு குடித்ததுமே எல்லோரும் தண்ணீரைத் தேடினார்கள். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டிவிடும். போதாததற்கு, திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின் துவர்ப்பாக இருந்து வாயை உலர்த்தும். நாள் முழுக்கச் சமைத்ததன் ருசியே யாருக்கும் தெரியாமல் போனதுதான் எனக்கு இன்னும் வருத்தம். காரத்துக்கு லேசான இனிப்பும் நல்ல புளிப்பும் ஆல்கஹால் குறைவாகவும் உள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் மிகப் பொருத்தம். அதே கேபர்னேயைக் காரமில்லாத, கொழுப்புள்ள சுட்ட இறைச்சியோடு குடித்தால் அருமையாக இருக்கும். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை அடக்கிவிடும்.

ஒரே வகைதான் வாங்க முடியும் என்றால், நுரைக்கும் ஒயின் வாங்குங்கள். லேபிளில் 'ப்ரூட்' என்று இருக்கட்டும். அதில் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவாகத்தான் சர்க்கரை. பொரித்ததைச் சாப்பிட்டதும் வாயில் நிற்கும் எண்ணெய்ப் பிசுக்கை அதன் புளிப்பும் குமிழிகளும் கழுவிவிடும். மீன், கோழி, சீஸ் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். ஆனால் கேக் வெட்டும்போது இதை ஊற்றாதீர்கள், வெறும் புளிப்புதான் தெரியும். இனிப்புப் பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும்; சோத்தேர்ன், போர்ட் போன்ற இனிப்பு ஒயின்கள் அதற்குத்தான். சிவப்பு வேண்டும் என்று யாராவது கேட்டால் துவர்ப்பு குறைந்த பினோ நுவார் போதும், பரிமாறும் முன் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அளவு: 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் 5 கிளாஸ் வரும். பத்துப் பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் 4 பாட்டில். நுரைக்கும் ஒயின் 6 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் இடமில்லையென்றால் வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு போட்டு மூழ்க வையுங்கள், சீக்கிரம் குளிர்ந்துவிடும். திறக்கும்போது கவனம். ஷாம்பெயின் பாட்டிலுக்குள் 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கும். யார் முகத்தையும் நோக்கிப் பிடிக்காமல், கார்க்கை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள்.

அப்புறம், குடிக்காதவர்களையும் வண்டி ஓட்டிப் போகிறவர்களையும் மறக்க வேண்டாம். திராட்சைச் சாற்றில் எலுமிச்சை பிழிந்து, சோடா சேர்த்து, அவர்களுக்கும் அதே கிளாஸில் கொடுங்கள்.