ஜெபித்தால் மட்டும் போதுமா?

கேள்வி: செய்தியைத் திறந்தாலே அநியாயமும் போராட்டமும்தான். என் மகள் நண்பர்களோடு ஒரு போராட்டத்துக்குப் போகிறேன் என்கிறாள். சபையிலோ, "இதெல்லாம் கடைசி கால அடையாளம், உலகக் காரியம், நாம் ஜெபித்தால் போதும்" என்கிறார்கள். நான் அவளைத் தடுப்பதா, அனுப்புவதா? – ஒரு வாசகி

பதில்: தடுக்காதீர்கள். அனுப்புவதற்கு முன் அவளோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயங்கள் உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் சபையில் சொன்னதைப் பார்ப்போம், ஏனென்றால் எனக்கு வருத்தம் அங்கேதான்.

ஜெபித்தால் போதும் என்பவர்கள் நெகேமியாவைக் கொஞ்சம் பொறுமையாக வாசிக்கட்டும். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது, ஜனங்கள் நிந்தையில் இருக்கிறார்கள் என்ற செய்தி வந்ததும், பெர்சிய ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்த அவர் உட்கார்ந்து அழுதார், உபவாசித்தார், ஜெபித்தார். கிஸ்லேவ் மாதத்தில் கேட்ட செய்தி அது. நிசான் மாதத்தில், ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து, ராஜாவின் முன் நின்று அனுமதியும் கடிதங்களும் மரமும் கேட்கிறார். ஜெபித்த மனிதர்தான் அரண்மனையில் வாய் திறந்தார். ஐந்தாம் அதிகாரம் இன்னும் நேரடியானது: நிலத்தை அடகு வைத்து, பிள்ளைகளை அடிமையாக்கிக் கொடுத்துவிட்டோம் என்று ஏழைகள் கூக்குரலிடுகிறார்கள், அவர்களைப் பிழிந்தவர்களோ சொந்தச் சகோதரர்களே. நெகேமியாவுக்குக் கடும் கோபம் வருகிறது, தனக்குள் யோசிக்கிறார், பிறகு பிரபுக்களையும் அதிகாரிகளையும் ஒரு பெரிய சபை கூட்டி எல்லார் முன்பாகவும் கேட்கிறார், நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைக்கிறார். இதை உலகக் காரியம் என்று அவர் ஒதுக்கவில்லை.

அப்போஸ்தலர் 6-ஐயும் பாருங்கள். எங்கள் விதவைகளை அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவிப் பங்கீட்டில், கவனிக்காமல் விடுகிறீர்கள் என்று கிரேக்கரானவர்கள் (கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள்) முறுமுறுக்கிறார்கள். நம் சபைகள் பலவற்றில் அன்றைக்கே முறுமுறுப்பின் பாவத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் நடந்திருக்கும்! அப்போஸ்தலர்கள் அப்படிச் செய்யவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள், ஸ்தேவானில் தொடங்கி அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் ஆட்களிடமே பொறுப்பு போனது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிற ரோமர் 13-ஐ உடனே நீட்டுவார்கள், தெரியும். அதை எழுதிய பவுல்தான் பிலிப்பியில், விசாரணை இல்லாமல் எங்களை அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்பப் பார்க்கிறீர்களா, அதிகாரிகளே வந்து எங்களை வெளியே அழைத்துப்போகட்டும் என்று நின்றவர்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய போதகர் மார்ட்டின் லூதர் கிங், 1963-இல் அங்குள்ள பர்மிங்காம் நகரச் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதம் யாருக்குப் பதில் தெரியுமா? அவர் நடத்திய போராட்டம் விவேகமில்லாதது, இது அதற்கான நேரமில்லை என்று அறிக்கை விட்ட எட்டு மதத் தலைவர்களுக்கு. அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் போதகர்கள், அவரை வெறுத்த கும்பலைச் சேர்ந்தவர்களும் இல்லை. நிதானமானவர்கள், மரியாதைக்குரியவர்கள். நம் சபைகள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று யோசிக்க எனக்கு அது போதும்.

கடைசி கால அடையாளம் என்பதற்கும் ஒரு வார்த்தை. பிலாத்து கலிலேயரைக் கொன்ற செய்தியை இயேசுவிடமே வந்து சொன்னார்கள், லூக்கா 13. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே அடித்துச் சொன்னார், சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரையும் சேர்த்துக்கொண்டார். மனந்திரும்பச் சொன்னது செய்தி கொண்டுவந்தவர்களை. ஒருவன் அநியாயமாய்ச் செத்தவுடன் அவன் யோக்கியனா என்று கிளறுகிற நமக்கு இது உறைக்க வேண்டும்.

சரி, உங்கள் மகள். முதலில் பேசுகிறவன் நியாயக்காரனாகத் தெரிவான், அயலான் வந்து விசாரித்தால்தான் உண்மை தெரியும் என்று நீதிமொழிகள் 18 சொல்கிறது. வெட்டி ஒட்டிய ஒரு வீடியோவைப் பார்த்த சூட்டில் அவள் எதையும் பகிர வேண்டாம். பாதிக்கப்பட்டவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்கட்டும். தீமை செய்யக் கூட்டத்தின் பின்னே போகாதே என்று யாத்திராகமம் 23 சொல்வதால், கல் எறிய ஆரம்பித்தால் அந்த நிமிடமே விலகிவிட வேண்டும், இதைக் கண்டிப்பாகவே சொல்லுங்கள். பர்மிங்காமில் ஊர்வலம் போக முன்வந்தவர்களிடம் ஒரு உறுதிமொழி அட்டையில் கையெழுத்து வாங்கினார்கள். தினமும் இயேசுவின் வாழ்க்கையையும் போதனையையும் தியானிப்பேன், தினமும் ஜெபிப்பேன், கையாலும் நாவாலும் இருதயத்தாலும் வன்முறை செய்யமாட்டேன் என்பதெல்லாம் அதில் இருந்தது. அந்த உறுதியை அவள் எடுக்கட்டும்.

நீங்களோ, வரும் ஞாயிறு சபை ஜெபத்தில் "நாட்டில் சமாதானம்" என்று பொதுவாய் முடித்துவிடாமல், அநியாயத்தால் துக்கத்திலிருக்கும் குடும்பங்களுக்காகவும் தீர்ப்பு சொல்லவேண்டிய அதிகாரிகளுக்காகவும் வெளிப்படையாய் ஜெபிக்கும்படி போதகரைக் கேளுங்கள். மறுத்தால், ஏன் என்று மரியாதையாகவே கேளுங்கள். முடிந்தால் மகளோடு நீங்களும் ஒரு தடவை போய்வாருங்கள்.