ஐஸ்லாந்தைவிடப் பெரிய ரசிகர் கூட்டம் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2018 உலகக் கோப்பையின்போது ஐஸ்லாந்து வீரர் ரூரிக் கீஸ்லாசனை இன்ஸ்டாகிராமில் பின்தொடர்வோர் எண்ணிக்கை மளமளவென்று ஏறியதே, அழகு மட்டும்தான் காரணமா?

பதில்: அழகும் காரணம்தான். ஆனால் அழகான வீரர்கள் எல்லா அணியிலும் உண்டு; ரூரிக்குக் கூடுதலாக வாய்த்தது நேரம். ஜூன் 16, மாஸ்கோ. எதிரணி அர்ஜென்டினா. அர்ஜென்டினாவில் அப்போது சனிக்கிழமை காலை, ஊரே டிவி முன்னால். 63-வது நிமிடத்தில் மாற்று வீரராக ரூரிக் இறங்குகிறார். அடுத்த நிமிடமே மெஸ்ஸியின் பெனால்ட்டியை கோல்கீப்பர் ஹன்னஸ் ஹல்டோர்சன் தடுக்கிறார். ஆட்டம் 1-1. மாற்று வீரர் கோட்டோரம் காத்திருக்கும்போது கேமரா முகத்தை நெருக்கமாகக் காட்டும், பெயரும் திரையில் ஓடும். தேடிப் பிடிக்க அது போதும். சில பத்தாயிரமாக இருந்த கணக்கு அந்தத் தொடரையொட்டியே பத்து லட்சத்தைத் தாண்டியது. கைக்குழந்தை முதல் அத்தனை பேரும் சேர்ந்தாலும் ஐஸ்லாந்தின் மக்கள்தொகை அன்று சுமார் மூன்றரை லட்சம்தான். வந்தவர்களில் பெரும்பங்கு லத்தீன் அமெரிக்கர்கள்.

கேள்வி: அதனால் அவருக்குப் பெரிய கிளப் ஏதும் கிடைத்ததா?

பதில்: இல்லை. ஜெர்மனியின் இரண்டாம் டிவிஷன் கிளப்பான சாண்ட்ஹவுசனிலேயே தொடர்ந்து ஆடினார், 2020-ல் ஓய்வு பெற்றார். கிளப்புகள் பார்ப்பது ஆட்டத்தை. புகழ் கைகொடுத்தது டிவியில்: 2021-ல் ஜெர்மனியின் 'லெட்ஸ் டான்ஸ்' போட்டியில் பட்டம் வென்றார்.

கேள்வி: சிறிய நாட்டு வீரர் ஒருவருக்கு இப்படிக் கூட்டம் சேர்ந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதல் வேலை பாதுகாப்பு. கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டைவிட போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலி மேல், ஏனென்றால் உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் சிம் மோசடியில் குறுஞ்செய்தி கைமாறிவிடும். பெயர் பரவியதுமே போலிக் கணக்குகள் முளைத்து ரசிகர்களிடம் பணம் கேட்கும். நீலக் குறிக்கு விண்ணப்பித்து, கிளப்பின் அதிகாரப்பூர்வ பக்கத்திலிருந்து உண்மையான கணக்கை டேக் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து, இன்ஸ்டாகிராம் கணக்கின் புள்ளிவிவரம் காட்டும் 'இன்சைட்ஸ்' பகுதியில் பின்தொடர்வோர் எந்த நாட்டவர், எந்த நேரத்தில் வருகிறார்கள் என்று பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். பார்ப்பவர் ஸ்பானிஷ்காரர், பதிவோ அவருக்குப் புரியாத மொழியில், அவர் தூங்கும் நேரத்தில் என்றால் எண்ணிக்கை நிற்கும், லைக் சரியும். இரண்டு வரி ஸ்பானிஷிலும் சேர்த்தால் நிலைமையே மாறும்.

விளம்பரம் பேச வரும் நிறுவனங்கள் மொத்த எண்ணிக்கையோடு நிற்பதில்லை. கடைசி 12 பதிவுகளின் லைக், கமென்ட் சராசரியைப் பின்தொடர்வோர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பார்கள். ஆகவே காசுக்கு ஃபாலோயர் வாங்கவே வாங்காதீர்கள்: வகுக்கும் எண் பெருத்து விகிதம் விழும், இன்ஸ்டாகிராம் போலிகளைக் களையும்போது எண்ணிக்கையும் விழும். பணம் பெற்றுப் போடும் பதிவில் அது விளம்பரம் என்று முதல் வரியிலேயே தெரிய வேண்டும். ஜெர்மனியில் இதை மறைத்துப் பலர் வழக்கில் மாட்டியிருக்கிறார்கள்.