ஹெல்மெட்டுக்குள் இருப்பவர் எங்கே?

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று வருடமாக பைக்கில் ஊர் சுற்றி வீடியோ போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் பழைய போனை ஹேண்டில்பாரில் கட்டி எடுத்தேன். போன வருடம் கடன் வாங்கி நல்ல ஆக்‌ஷன் கேமரா வாங்கினேன். இப்போது 4கே, வினாடிக்கு 60 ஃபிரேம், ஆட்டமே இல்லை. ஆனாலும் பார்ப்பவர்களில் பாதிப் பேர் ஒன்றரை நிமிடத்துக்குள் போய்விடுகிறார்கள். கடைசியாகப் போன ஒன்பது நாள் பயணத்தில் தினமும் நாலு மணி நேரமாவது ரெக்கார்டு செய்தேன். ஹார்டு டிஸ்க் நிறைந்துவிட்டது. எடிட்டிங்குக்கு உட்கார்ந்தாலே மலைப்பாக இருக்கிறது. எதை வைப்பது, எதை எடுப்பது என்று தெரியவில்லை. நல்ல இசை போட்டு வேகமாக வெட்டிப் பார்த்தேன், அதுவும் எடுபடவில்லை. அடுத்து ட்ரோன் வாங்கலாமா, ஆட்டத்தைத் தடுக்கும் கிம்பல் வாங்கலாமா, சுற்றிலும் எடுக்கும் 360 கேமரா வாங்கலாமா என்று யோசிக்கிறேன். மூன்று வீடியோக்களின் சுட்டி கீழே இருக்கிறது. நேரம் இருந்தால் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

மூன்றையும் பார்த்தேன். ஒளிக்காமல் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். படம் சுத்தமாக இருக்கிறது, நிறமும் பரவாயில்லை. குறை கேமராவில் இல்லை. இரண்டாவது வீடியோவை மணி பார்த்து அளந்தேன். 14 நிமிடத்தில் 11 நிமிடம் ஹெல்மெட்டிலிருந்து தெரியும் ரோடு. அந்த 11 நிமிடத்தில் நீங்கள் எங்கேயும் இல்லை. இரண்டு கையுறை இருக்கிறது, ஒரு ஸ்பீடாமீட்டர் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏழாவது நிமிடத்தில் ஒன்று நடக்கிறது. மலைப்பாதையில் வானம் கறுக்கிறது, வைசரில் முதல் துளி விழுகிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உடனே ஒரு வெட்டு. அடுத்த ஷாட்டில் உங்கள் கையில் மழைக்கோட்டின் முனை தெரிகிறது, ரோடு காய்ந்து கிடக்கிறது. நடுவில் என்ன ஆனது? எங்கே ஒதுங்கினீர்கள்? எவ்வளவு நேரம் நின்றீர்கள்? பூட்ஸுக்குள் தண்ணீர் போனதா? அந்தப் பயணத்தில் உங்களுக்கு மறக்காமல் இருக்கப் போவது அந்த அரைமணி நேரம்தான். அதை வெட்டிவிட்டு ரோட்டை வைத்திருக்கிறீர்கள்.

இது உங்கள் ஒருவரின் பிரச்சினை இல்லை, நூற்றிருபது வருடப் பழைய பிரச்சினை. சினிமா பிறந்த கொஞ்ச நாளிலேயே, 1890களின் கடைசியில், ரயில் எஞ்சினின் முன்னால் கேமராவைக் கட்டிப் படம் எடுத்தார்கள். ஓட்டுவது யார் என்று தெரியாமல் காட்சி தானாக முன்னே போவதால் அதற்கு ஃபேன்டம் ரைடு, பேய்ச் சவாரி, என்று பெயர். முதலில் ஜனங்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். 1899ல் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் என்ற இங்கிலாந்துக்காரர் ஒரு நிமிடம் ஓடும் படம் ஒன்று செய்தார். ரயில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. அப்புறம் பெட்டிக்குள் ஒரு கணவனும் மனைவியும், இருட்டில் ஒரு முத்தம். ரயில் வெளியே வருகிறது. நடித்தது அவரும் அவர் மனைவியும்தான். பேய்ச் சவாரிப் படத்தை நடுவில் வெட்டி இந்தக் காட்சியை ஒட்டிக் காட்டுவதற்கென்றே எடுத்தது. ஓடும் ரயிலுக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அவர் காட்டினார். உங்கள் வீடியோவில் நான் தேடுவதும் அந்தப் பெட்டிக்குள் இருப்பவரைத்தான்.

சரி, எப்படி எடுப்பது? பைக்கிலிருந்து இறங்க வேண்டும். சோம்பலாக இருக்கும். நல்ல வளைவைப் பார்த்ததும் ஓரம் கட்டி, டிரைபாடை நட்டு, ஃபிரேம் வைத்து, ரெக்கார்டைத் தட்டிவிட்டு, திரும்பிப் போய், கடந்து ஓட்டி, மறுபடி வந்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒரு ஷாட்டுக்குப் பத்து நிமிடம் போய்விடும். ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும். பைக் ஃபிரேமுக்குள் வருமுன் ஐந்து வினாடி காலி ரோடு, போன பின் ஐந்து வினாடி காலி ரோடு கட்டாயம் இருக்கட்டும். எடிட்டிங்கில் அந்தக் காலி இடம்தான் மூச்சு விட வைக்கும். இன்னொன்று, பைக் இடமிருந்து வலம் போகிறது என்றால் அந்த நாள் முழுக்க அப்படியே போகட்டும். எதிர்ப்பக்கம் நின்று எடுத்த ஷாட்டை நடுவில் ஒட்டினால், மறந்து வைத்த எதையோ எடுக்க வீட்டுக்குத் திரும்புகிறீர்கள் என்று பார்ப்பவருக்குத் தோன்றும்.

கேமராவைக் கண்ணில் படும் தூரத்திலேயே வையுங்கள். நான் ஒரு தடவை டிரைபாடை ரோட்டோரம் மறந்துவிட்டுப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பத்திரமாகத்தான் இருந்தது. அந்த நாற்பது நிமிடப் பதிவில் ஓர் ஆடு மட்டும் பிரமாதமாக நடித்திருந்தது.

தூரத்து ஷாட்டோடு நிறுத்தாதீர்கள். கையுறை மாட்டுவது, சைடு ஸ்டாண்டை உதைப்பது, செயினுக்கு எண்ணெய் விடுவது, வரைபடத்தில் விரல் நகர்வது, ஹெல்மெட்டைக் கழற்றியதும் நெற்றியில் இருக்கும் பட்டை. ஒவ்வொன்றும் நாலைந்து வினாடிதான். ஆனால் இரண்டு ரோடு ஷாட்டை ஒட்ட முடியாமல் திணறும்போது இவைதான் கை கொடுக்கும்.

ஹெல்மெட்டிலிருந்து எடுப்பதை விடச் சொல்லவில்லை, குறைக்கச் சொல்கிறேன். உச்சியில் ஒட்டியிருப்பதைத் தாடைப்பகுதிக்கு மாற்றுங்கள். ஹேண்டில்பாரும் கைகளும் ஃபிரேமின் கீழ்ப்பகுதியில் வரும், பார்ப்பவருக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று புரியும். ஹெல்மெட்டில் துளை மட்டும் போட்டுவிடாதீர்கள், அதன் பாதுகாப்பே போய்விடும். ஒட்டும் மவுண்டு போதும். ஹெல்மெட்டில் கேமரா வைப்பதைச் சில இடங்களில் சட்டம் அனுமதிப்பதில்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகம் தெரியவில்லை என்று மூன்றாவது வீடியோவின் கீழே யாரோ எழுதியிருந்தார். அவர் சொல்வது சரிதான், காரணம் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரம். இந்தச் சின்ன கேமராக்களில் பெரும்பாலானவற்றில் லென்ஸின் திறப்பு மாறாது. வெயில் அதிகமானால் ஷட்டரை வேகமாக்குவதைத் தவிர அவற்றுக்கு வழி இல்லை. வினாடியில் 1600ல் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தால் ரோட்டோரப் புல்கூட ஒவ்வொரு தாளாக உறைந்து நிற்கும். கண் ஓட்டத்தை உணர்வது அந்த மெல்லிய இழுபடலில்தான். 30 ஃபிரேமில் எடுப்பவர் 60ல் ஒரு பங்கு ஷட்டருக்கு அருகில் இருப்பது வழக்கம். லென்ஸின் மேல் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான 16ஆம் எண் என்டி ஃபில்டர் ஒளியைப் பதினாறில் ஒரு பங்காக்கும், அப்போது 1600 என்பது 100க்கு இறங்கிவிடும். அது போதும். ஆனால் மர நிழலுக்குள்ளும் சாயங்காலத்திலும் அந்த ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு ஃபிரேமும் கலங்கியிருக்க, ஆட்டத்தைச் சரிசெய்யும் மென்பொருள் அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். படம் துடிப்பது போல இருக்கும். 60 ஃபிரேமை ஸ்லோ மோஷனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிவானத்தை மட்டமாகவே வைக்கும் வசதியை எப்போதும் போட்டு வைத்திருக்கிறீர்கள் போல. பைக்கில் பொருத்திய கேமராவில் அதை அணைத்துவிடுங்கள். வளைவில் பைக் சாயும்போது உலகமே சாய வேண்டும், அந்தச் சாய்வுக்காகத்தானே பைக் ஓட்டுகிறோம்! பழைய போனை ஹேண்டில்பாரில் கட்டியதாக எழுதியிருந்தீர்கள். நல்ல போனை அப்படிக் கட்டாதீர்கள். அதிக சக்தியுள்ள பைக் எஞ்சின்களின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021ல் எச்சரித்தது.

இப்போது ஒலி. உங்கள் மூன்று வீடியோவிலும் மிக மோசமானது அதுதான். காற்றின் இரைச்சலை மறைக்க இசை, அந்த இசையை மீறக் குரல், அதை மீற இன்னும் சத்தம். படம் சுமாராக இருந்தாலும் பொறுப்பார்கள், காது வலித்தால் போய்விடுவார்கள். ஒன்றரை நிமிடத்தில் பாதிப் பேர் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். ஒரு சின்ன மைக்கைப் பஞ்சுறையோடு ஹெல்மெட்டின் உள்ளே, தாடைப்பகுதியில் காற்றுப் படாமல் ஒட்டுங்கள். எஞ்சின் சத்தத்துக்கு இன்னொரு மைக்கைப் பைக்கின் பின்பகுதியில், சைலன்சரின் சூட்டிலிருந்து தள்ளி, சீட்டின் மறைவில் வையுங்கள். எடிட்டிங்கில் குரலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டினால் பாதி உறுமல் போய்விடும். ஓட்டிக்கொண்டே வர்ணனை செய்வதை நிறுத்துங்கள். ஒன்று, கவனம் சிதறும். இரண்டு, ஓட்டும்போது நாம் பேசுவது பெரும்பாலும் 'அழகா இருக்கு, பாருங்க' என்பதுதான். அன்றிரவு படுக்குமுன் போனை எடுத்து, அன்று நடந்ததை ஒரு நண்பனிடம் சொல்வதுபோல ஐந்து நிமிடம் பேசி வையுங்கள். அந்தக் களைத்த குரல் ஊருக்குத் திரும்பி வந்து பேசினால் வராது.

எடிட்டிங்கில் மலைப்பு வருவது ஏன் என்று ஒரு கணக்குப் போட்டேன். ஒன்பது நாள், தினம் நாலு மணி நேரம், மொத்தம் 36 மணி. வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. ஆக 1620 ஜிபி. இதை ஒரு தடவை பார்த்து முடிக்கவே ஒரு வேலை வாரம் ஆகும்! யாராலும் முடியாது. அதனால்தான் கைக்குக் கிடைத்த நல்ல ரோட்டை எடுத்து இசையில் கோக்கிறீர்கள். ரெக்கார்டை ஓடவிடாதீர்கள். அரை நிமிடக் கிளிப்களாக எடுங்கள். பட்டனை அழுத்துவதற்கு முந்தைய 15 அல்லது 30 வினாடியையும் சேர்த்துச் சேமிக்கும் வசதி சில கேமராக்களில் உண்டு. பேட்டரியைத் தின்னும், ஆனாலும் குறுக்கே ஓடிய மாட்டைப் பிடிக்க அதுதான் வழி.

வீட்டுக்கு வந்ததும் கிளிப்களைத் திறக்காதீர்கள். ஒரு தாளில், ஞாபகத்திலிருந்து, அந்த நாளைப் பத்து வரியில் எழுதுங்கள். ஞாபகத்தில் நிற்காததை வீடியோவில் வைக்க வேண்டியதில்லை. அந்தப் பத்து வரிக்குத் தேவையான கிளிப்களை மட்டும் தேடி எடுத்து டைம்லைனில் வரிசையாக வையுங்கள், பேச்சை முதலில், படத்தை அடுத்து, இசையைக் கடைசியில். இசையே இல்லாமல் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் உட்கார்ந்து பார்க்க முடிந்தால் இசைக்கு வேலை குறைவு. அடுத்த காட்சியின் ஒலி அரை வினாடி முன்னதாக வரட்டும். எஞ்சின் நின்று, அமைதியில் பூச்சிகளின் சத்தம் கேட்டு, அப்புறம் கூடாரம் தெரிவது போல. ஜே கட் என்பார்கள். காட்சியை வேகமாக்கி மெதுவாக்கும் விளையாட்டு ஒரு வீடியோவுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், உங்கள் முதல் வீடியோவில் ஒன்பது எண்ணினேன்.

என்ன வாங்கலாம் என்ற கேள்விக்கு: ட்ரோன் வேண்டாம். மேலேயிருந்து பார்த்தால் நீங்கள் இன்னும் சின்னதாகத்தான் தெரிவீர்கள். கேமராவே ஆட்டத்தைச் சரிசெய்வதால் கிம்பலுக்கும் அவசியமில்லை. 360 கேமரா விஷயத்தில் கொஞ்சம் தயங்குகிறேன். அதை மாட்டும் குச்சி, இரண்டு லென்ஸ்களின் படமும் சேரும் இடத்தில் விழுந்து மறைந்துவிடுவதால், யாரோ கூடவே பறந்து எடுத்தது போல உங்கள் முகமும் பைக்கும் ஒரே ஷாட்டில் கிடைக்கும். வெளிச்சம் குறைந்தால் படம் சுமார். கடனை முடித்த பின் யோசியுங்கள். இப்போதைக்கு இரண்டு மைக், இரண்டு பேட்டரி, ஒரு குட்டி டிரைபாடு.

ஒரே ஒரு கேள்வி. மழைக்கு ஒதுங்கியபோது கேமரா ஓடிக்கொண்டிருந்ததா? தினமும் நாலு மணி நேரம் எடுத்தவர் அதை அணைத்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இடம் வேண்டும் என்று ஹார்டு டிஸ்கிலிருந்து அதை அழித்துவிடாதீர்கள். ஹெல்மெட் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதாக இருந்தாலும் பரவாயில்லை, வெட்டாமல் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்