குளக்கரைப் பாதையில் வேலி: நடைபாதைக்கு அனுமதி வாங்க வேண்டுமா?

குமரி மாவட்டத் தேரூர் வாசகர் ஒருவர் எழுதுகிறார்: "ஏலாவுக்கு (வயல்வெளிக்கு) நாங்கள் தலைமுறையாக நடந்த குளக்கரைப் பாதையைப் பக்கத்து வயல்காரர் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். கேட்டால், இது ராம்சார் இடம், பறவைகளுக்காக ஆள் நடமாட்டம் கூடாது என்கிறார். வனத்துறையில் நடை அனுமதி வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். அப்படியோர் அனுமதிச்சீட்டே கிடையாது. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத்துக்கு 2022இல் ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது உண்மைதான், ஆனால் அது கரையில் நடப்பவரைத் தடுப்பதில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி இது சரணாலயம் அன்று, பாதுகாப்புக் காப்பகம் (Conservation Reserve). சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி கேட்கும் பிரிவு இங்கே பொருந்தாது. தீ வைப்பது, விஷம் கலப்பது, பறவைகளைத் துன்புறுத்துவது, குப்பை கொட்டுவது போன்றவைதான் குற்றம்.

பறவைக்காகப் போட்ட வேலிக்குள் சில மாதங்களில் மண் லாரி வருவதும், வாழையோ தென்னங்கன்றோ வைப்பதும், பிறகு 'நீண்டகால அனுபவம்' என்று பட்டா கேட்பதும் நான் பல குளங்களில் பார்த்த வரிசை. நாள்தோறும் ஆள் நடக்கும் கரையில் இது எளிதில் நடக்காது என்பதால்தான் முதலில் பாதை அடைபடுகிறது. நீர்க்கோழிக்கு உங்கள் கால் செய்யாத கேட்டை அந்த மண் செய்துவிடும்.

நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும், எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் தமிழக அரசின் இணையச் சேவையில் நீங்களே பாருங்கள். கரை நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால் அங்கே எவரும் வேலி போட முடியாது. அகஸ்தீஸ்வரம் வட்டாட்சியருக்கு மனு எழுதி, நீர்வளத் துறைக்கும் வனத்துறைக்கும் நகல் அனுப்புங்கள்; தனித்தனியாகப் போனால் ஒரு மேசை அடுத்த மேசையைக் கைகாட்டியே உங்கள் செருப்பைத் தேய்த்துவிடும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஒரு விலக்கை மட்டும் கவனமாகப் பாருங்கள். பாதை அந்த வயல்காரருடைய பட்டா நிலத்துக்குள் ஓடினால், புறம்போக்கு என்ற வாதம் நிற்காது. அப்போது வழியுரிமையைத்தான் கோர வேண்டும். இருபது ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றி, அவருடைய தயவில் அல்லாமல் உரிமையாகவே நடந்துவந்ததை மெய்ப்பிக்க வேண்டும். "போய்க்கொள்ளுங்கள்" என்று அவர் இசைவு தந்து நடந்த காலம் கணக்கில் சேராது. "நன்றியோடு நடந்துகொள்கிறோம்" என்று இப்போது எழுதிக் கொடுத்தாலும் அது உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும். பாதை அடைபட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். மனுக்களுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தாலும் அந்தக் கெடு நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும்.