உணவகம் திறக்க எந்த அனுமதியை முதலில் வாங்க வேண்டும்?

வாடகைக்கு இடம் பார்த்தாயிற்று, முன்பணம் கொடுக்கப் போகிறேன், உணவக உரிமத்துக்கு எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். உரிமம் தாமதமாவதற்கு விண்ணப்பப் படிவம் பெரும்பாலும் காரணமில்லை. தரைக்கு அடியில் போகும் குழாயும் கூரைக்கு மேலே போகும் புகைபோக்கியும்தான் காரணம். இரண்டையும் பிறகு மாற்றுவது பெரிய செலவு.

துறைகளின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். கேட்கிற விஷயங்கள் அவ்வளவாக மாறாது. முதல் கேள்வி, அந்தக் கட்டடத்தில் உணவகம் நடத்தலாமா என்பது. முன்பு துணிக்கடையாகவோ அலுவலகமாகவோ இருந்த இடம் என்றால் பயன்பாட்டு மாற்றத்துக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும். உள்ளாட்சி அலுவலகத்தில் நேரில் விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: உரிமம் மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் ரத்தாகி முன்பணம் திரும்ப வேண்டும், சுவரிலும் கூரையிலும் துளையிட்டு எக்ஸாஸ்ட் குழாய் கொண்டுபோக உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். இரண்டாவதை வாய்ப்பேச்சாக விட்டுவிட்டுப் பின்னால் மல்லுக்கட்டுகிறவர்களே அதிகம்.

வரைபடம் போடுவதற்கு முன் மெனுவை முடிவு செய்யுங்கள். தலைகீழாகத் தெரியலாம், ஆனால் மெனுதான் சமையலறையைத் தீர்மானிக்கிறது. டீயும் பேக்கரிப் பண்டமும் விற்கிற இடத்துக்கும், பச்சை இறைச்சியை வெட்டிப் பொரிக்கிற இடத்துக்கும் சிங்க், குளிர்பதனம், புகைபோக்கி எல்லாமே வேறு. காற்றை உறிஞ்சி மூடும் வெற்றிடப் பொட்டலம் மாதிரி ஆபத்து கூடிய முறைகளுக்குத் தனியாக ஹெச்ஏசிசிபி திட்டம் (எந்தக் கட்டத்தில் உணவுக்கு ஆபத்து வரலாம், அதை எப்படித் தடுப்பீர்கள் என்பதன் விவரம்) எழுதிக் கேட்பதும் உண்டு.

வரைபடத்தில் பொருள் உள்ளே வருவது, சேமிப்பு, கழுவி நறுக்குவது, சமைப்பது, பரிமாறுவது என்று ஒரே திசையில் ஓட்டம் தெரிய வேண்டும். குப்பையும் எச்சில் பாத்திரமும் சமைத்த உணவின் வழியைக் குறுக்கே வெட்டக்கூடாது. வரைபடம் திருப்பி அனுப்பப்படுகிறது என்றால் கை கழுவும் தொட்டியை முதலில் பாருங்கள். பாத்திரம் கழுவும் சிங்க்கிலேயே கையும் கழுவிக்கொள்ளலாம் என்று போடுவார்கள், ஏற்க மாட்டார்கள். சமையல் நடக்கும் இடத்திலேயே தனித் தொட்டி, சோப்பு, ஒருமுறை துடைத்துப் போடும் தாள் வேண்டும். பாத்திரத்துக்குப் பல இடங்களில் மூன்று அறை சிங்க் கேட்பார்கள்: தேய்க்க, அலச, கிருமி நீக்க. உங்கள் பெரிய அண்டா அதில் முங்குமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். கிருமி நீக்கும் குளோரின் கலவை வழக்கமாக 50 முதல் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு நீரில் இத்தனை பங்கு). சரிபார்க்கச் சோதனைத் தாளும் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது கிரீஸ் டிராப், அதாவது சிங்க் நீரிலிருந்து எண்ணெயையும் கொழுப்பையும் பிடித்து வைக்கும் தொட்டி. சூட்டில் கரைந்து போகும் கொழுப்பு குழாயில் ஆறியதும் உறைந்து அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் கழிவுநீர்த் துறை இதில் இவ்வளவு கறாராக இருக்கிறது. சிங்க்கின் கொள்ளளவை வைத்து டிராப்பின் அளவு கணக்கிடப்படும். சிறியதாகப் போட்டால் தண்ணீர் வேகமாக ஓடி, எண்ணெய் பிரிந்து மிதக்க நேரமே இருக்காது. மிகச் சூடான தண்ணீரை நேராக விட்டாலும், பிடித்து வைத்த கொழுப்பை அது கரைத்து வெளியே தள்ளிவிடும். கொழுப்பும் சேறும் சேர்ந்து டிராப்பின் கால் பங்கை எட்டும்போது சுத்தம் செய்ய வேண்டும். ஆகவே மூடியைத் திறக்க இடம் விட்டு வையுங்கள். மேலே ஃப்ரீசரை நிறுத்திவிட்டு ஆய்வுக்குக் கூப்பிடாதீர்கள்.

புகை விஷயத்தில், அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சும் ஹூட் அடுப்பைவிட எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 15 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வெளியேற்றுகிற அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை என்றால், எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும் புகை அறைக்குள்ளேயே சுற்றும். கதவை இழுத்துத் திறக்கவே சிரமமாக இருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். தீயணைப்பு ஆய்வில் எண்ணெய்ப் பொரிப்பானுக்கும் திறந்த தீ அடுப்புக்கும் நடுவில் 40 செ.மீ. இடைவெளி அல்லது தடுப்புத் தகடு கேட்கலாம். சமையல் எண்ணெய்த் தீக்கு ஈர இரசாயன வகைத் தீயணைப்பானே ஏற்றது. சாதாரணத் தண்ணீர் கொதிக்கும் எண்ணெயில் பட்டதும் ஆவியாக வெடித்துத் தீயைப் பரப்பும்.

வரைபடத்துக்கு ஒப்புதல் வரும்வரை டைல்ஸ் ஒட்டாதீர்கள்.

காகித வேலை நீளமானது, ஆனால் கடினமில்லை. வாடகை ஒப்பந்தம், தொழில் பதிவு, வரிப் பதிவு, விண்ணப்பம் எல்லாவற்றிலும் பெயரும் கதவு எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பணியாளர் மருத்துவச் சான்று, உணவுப் பாதுகாப்புப் பயிற்சி, பூச்சிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் ஆகியவற்றையும் கேட்கக்கூடும். கிணறு அல்லது லாரித் தண்ணீர் என்றால் ஆய்வக அறிக்கை வேண்டும், 100 மி.லி. மாதிரியில் ஈ.கோலை (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) இருக்கவே கூடாது. மது, இசை, பெயர்ப் பலகை, நடைபாதையில் மேசை போடுவது எல்லாம் பெரும்பாலும் தனித்தனி அனுமதிகள்.

திறப்புக்கு முந்தைய ஆய்வுக்கு ஃப்ரிட்ஜை முந்தைய நாளே ஓடவிடுங்கள். ஆய்வாளர் உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார். 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது. சூடாக வைக்கும் உணவு 60-க்குக் கீழே இறங்கக்கூடாது. உங்கள் தெர்மாமீட்டரை நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய உணவை எப்படி ஆறவைப்பீர்கள் என்று கேட்டால், பரவலாக ஏற்கப்படும் பதில்: 60-இலிருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5-க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள். முதல் கட்டத்தில் அவசரம் காட்டுவதற்குக் காரணம், அந்த வெப்பத்தில்தான் பாக்டீரியா மிக வேகமாகப் பெருகும். ஆழமான அண்டாவில் வைத்தால் நடுப்பகுதி ஆறாது, ஆழம் குறைந்த தட்டுகளில் 5 செ.மீ.க்கு மிகாமல் பரப்ப வேண்டும். மூட்டைகள் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். விளக்குகளுக்கு உடைந்தால் சிதறாத உறை போடுங்கள்.

ஏற்கெனவே ஓடுகிற உணவகத்தை விலைக்கு வாங்குவதாக இருந்தாலும், பழைய உரிமம் தானாக உங்கள் பெயருக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பல இடங்களில் உரிமையாளர் மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அப்போது பழைய கட்டமைப்பை இன்றைய விதிப்படி மறுபடி பார்ப்பார்கள். விலை பேசுவதற்கு முன் கடைசி ஆய்வு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மறுத்தால் விலையைக் குறைத்துப் பேசுவதைவிட வேறு இடம் பார்ப்பது மேல்.